பூனைத் துப்பறிவாளரும் எலி உதவியாளரும்

விலங்குகளைப் பேசவைத்துக் கதை கூறும் மரபு மிகத் தொன்மையானது. பஞ்சதந்திரக் கதைகளில் நரியும் காகமும் அரசியல் நுட்பம் பேசின. ஈசாப்பின் கதைகளில் ஆமையும் முயலும் வாழ்க்கை நெறியை உணர்த்தின. இவ்விரண்டையும் நாம் வகுப்பறையில் போற்றிக் கற்பிக்கின்றோம். ஆனால், 1959-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய ஒரு பூனையையும் எலியையும் ஆராய்வதற்குரிய பொருளாக நாம் கருதுவதில்லை. அவை துப்பறியும் தொழிலை மேற்கொண்டு, தடுமாறி, உளறி, சிறுவரைச் சிரிக்க வைத்தன. வேடிக்கைக்கு வரலாறு எதற்கு என்று சிலர் வினவலாம். ஒரு கலை தன் பொருள்வளத்தை இழந்த நிலையில் எவ்வாறு உயிர் பிழைத்தது என்பதை அறிய விழைவோர்க்கு இவ்வேடிக்கையே நல்லதொரு சான்றாகும்.

வேலை இழந்த கலைஞர்கள்

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா ஆகிய இருவரும் எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். பூனை எலியைத் துரத்தும் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ கேலிச்சித்திரப் படங்களை 1940 முதல் உருவாக்கி, 7 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றுத் தந்தவர்கள். அப்படங்களில் பேச்சு மிக அரிது. ஓட்டமும் தாவலும் வீழ்ச்சியும் இசையோடு இணைந்து கதையை நடத்திச் சென்றன. திரையில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஆகவே, ஏழு நிமிடப் படத்திற்கு 10,080 சட்டங்கள் வேண்டும். ஒரே ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் ஆயிரக்கணக்கான ஓவியங்கள் தீட்டப்பட வேண்டும். அவ்வுழைப்பே அவற்றின் அழகு. அதுவே அவற்றின் பெருஞ்செலவு.

தொலைக்காட்சிப் பெட்டி வீடுதோறும் நுழைந்தபின் திரையரங்குகளின் வருவாய் குறைந்தது. பழைய படங்களையே மீண்டும் வெளியிட்டால் புதியவற்றைப் போலவே பணம் ஈட்டலாம் என்று நிறுவனத்தார் கணக்கிட்டனர். 1957-ஆம் ஆண்டில் எம்.ஜி.எம். தன் கேலிச்சித்திரப் பிரிவை மூடியது. விருதுகள் அக்கலைஞர்களைக் காப்பாற்றவில்லை. நடுவயதை எட்டிவிட்ட ஹன்னாவும் பார்பெராவும் அதே ஆண்டில் சொந்தமாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். தங்களை வீழ்த்திய தொலைக்காட்சியையே தங்களுக்கு வாழ்வளிக்கும் இடமாகவும் தேர்ந்தெடுத்தனர்.

சிக்கனம் கற்பித்த பாடம்

தொலைக்காட்சியில் பணம் அரிது. திரையரங்கிற்கான ஏழு நிமிடப் படம் ஒன்றிற்குப் பல பத்தாயிரம் டாலர் செலவிட்ட அவர்களுக்கு, தொலைக்காட்சிக்கான ஐந்து நிமிடப் படத்திற்குக் கிடைத்தது ஏறத்தாழ மூவாயிரம் டாலரே. எனவே குறைந்த அசைவு முறையை அவர்கள் கைக்கொண்டனர். இம்முறை அவர்களுக்கு முன்பே வழக்கில் இருந்ததுதான். எனினும், அதனை ஒரு தொழிலாக வளர்த்து நிலைநிறுத்திய பெருமை இவர்களையே சாரும்.

இம்முறையின் நுட்பங்கள் எளியவை. உருவம் அசையாது நிற்கும். வாயும் இமையும் கையும் மட்டும் அசையும். கழுத்தில் ஒரு பட்டையோ கழுத்துப்பட்டியோ இருந்தால், தலையைத் தனியாக வரைந்து உடலின்மேல் பொருத்திக் கொள்ளலாம், ஒட்டு தெரியாது. அக்காலத் தொலைக்காட்சி விலங்குகள் பல கழுத்துப்பட்டி அணிந்திருந்ததன் காரணம் இதுவேயாகும். ஓடும் காட்சியில் அதே மரமும் அதே வீடும் மீண்டும் மீண்டும் பின்னே நகரும். மோதும் காட்சியில் மோதலைக் காட்டாமல் ஓசையை எழுப்பிப் படத்தைச் சற்று ஆட்டிவிட்டால் போதும். 1957 டிசம்பரில் ‘ரஃப் அண்ட் ரெட்டி’ என்னும் தொடரும், 1958-இல் ‘ஹக்கிள்பெரி ஹவுண்ட்’ என்னும் தொடரும் இம்முறையில் வெளிவந்து வெற்றி கண்டன.

பகை மறந்த பூனையும் எலியும்

1959 செப்டம்பரில் ‘குவிக் டிரா மெக்ரா’ நிகழ்ச்சி தொடங்கியது. அதில் மூன்று தனித்தனிக் கதைப் பகுதிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றே ‘ஸ்னூப்பரும் பிளாபரும்’ என்பது. மொத்தம் 45 கதைகள். சூப்பர் ஸ்னூப்பர் என்னும் பூனை துப்பறிவாளர். பிளாபர் என்னும் எலி அவருடைய உதவியாளர். ஸ்னூப்பர் என்றால் பிறர் செயலில் மூக்கை நுழைப்பவர். பிளாபர் என்றால் உளறுவாயர். பெயரிலேயே இருவரின் தகுதியும் விளங்கிவிடுகின்றது!

பதினேழு ஆண்டுகள் பூனையை எலியின்பின் ஓடவிட்ட அதே இருவர், இப்பொழுது பூனையையும் எலியையும் ஒரே அலுவலகத்தில் அமரவைத்துப் பேசவிட்டனர். துரத்துவதற்கு ஓவியங்கள் வேண்டும். பேசுவதற்கு வாயசைவு போதும். இம்மாற்றத்தைக் கருதும்போது ஒரு கலையின் பொருளாதார வரலாறே நம் கண்முன் விரிகின்றது.

துப்பறிவாளரைத் தேர்ந்ததிலும் பொருத்தம் உண்டு. ‘டிராக்நெட்’, ‘பீட்டர் கன்’, ‘77 சன்செட் ஸ்டிரிப்’ முதலிய துப்பறியும் தொடர்கள் அமெரிக்க இல்லங்களில் அக்காலத்தே பெரிதும் விரும்பிப் பார்க்கப்பட்டன. அவற்றின் நாயகர்கள் சிரிக்காத முகமும் சுருங்கிய பேச்சும் உடையவர்கள். அந்த வீறாப்பை ஒரு பூனை மேற்கொண்டால் நகைச்சுவை தானே பிறக்கும். எள்ளலையும் பேதைமையையும் நகையின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் குறிப்பிட்டதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். தன் அறியாமையை அறியாத ஸ்னூப்பரிடம் பேதைமையும், அவர் வாயிலாகப் பெரியோரின் தொடர்களைக் கேலி செய்வதில் எள்ளலும் அமைந்துள்ளன.

சொல்லே செயலாயிற்று

கதைகளை எழுதியவர் மைக்கேல் மால்டீஸ். வார்னர் நிறுவனத்தில் சக் ஜோன்ஸ் இயக்கிய புகழ்மிக்க படங்கள் பலவற்றிற்குக் கதை அமைத்தவர் இவர். அங்கே அசைவுக்காக எழுதியவர், இங்கே செவிக்காக எழுதலானார். கதைத் தலைப்புகளிலேயே சொல் விளையாட்டைக் காணலாம். தாய்க்கே எல்லாம் தெரியும் என்னும் கருத்தமைந்த ஆங்கில வழக்கில் ‘மதர்’ என்பதை ‘மோட்டார்’ என மாற்றி ஒரு தலைப்பு. ‘பிளீஸ்’ என்பதைத் தெள்ளுப்பூச்சி எனப் பொருள்படும் ‘ஃபிளீஸ்’ என மாற்றி மற்றொரு தலைப்பு. தனியார் துப்பறிவாளரை ஆங்கிலத்தில் ‘பிரைவேட் ஐ’, அஃதாவது தனிக்கண் என்பர். ஸ்னூப்பரோ குற்றவாளியை நிறுத்தும்போது கண்ணோடு காது, மூக்கு, தொண்டை ஆகியவற்றையும் சேர்த்து ஆணையிடுவார். துப்பறிவாளர் அந்நொடியே மருத்துவராகிவிடுவார். சிலேடையில் தோய்ந்த நம் மாணவர்க்கு இச்சுவை புதியதன்று.

இருவருக்கும் குரல் கொடுத்தவர் டாஸ் பட்லர் என்னும் ஒருவரே. தொடக்கக் கதைகள் சிலவற்றில் மட்டும் பிளாபருக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். ‘டஃப்பிஸ் டாவர்ன்’ என்னும் வானொலி நாடகத்தில் எட் கார்ட்னர் நடித்த ஆர்ச்சி என்னும் பாத்திரத்தின் பாங்கு ஸ்னூப்பரின் பேச்சில் ஒலிக்கும். பெரிய சொற்களைப் பிழையாகக் கையாண்டு அறிஞரைப்போல் நடிப்பதே அப்பாங்கு. பிளாபரோ நாத்தடுமாற்றத்தோடு பேசி, தலைவரை வியந்துகொண்டே இருப்பான். பரமார்த்த குருவையும் அவர்தம் சீடரையும் அறிந்த தமிழர்க்கு இவ்விருவரும் அயலார் அல்லர்.

பின்வந்தோர்

இவ்வழியில் வேறு சிலரும் வந்தனர். ஒற்றர் திரைப்படங்கள் புகழ்பெற்றிருந்தபோது, 1965-இல் ‘சீக்ரெட் ஸ்குவிரல்’ என்னும் ஒற்றன் அணில் தோன்றியது. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்டபின், தொலைக்காட்சியில் வன்செயல் மிகுதி என்ற கவலை அமெரிக்கப் பெற்றோரிடையே வலுத்தது. அடிதடியற்ற கதைகள் தேவைப்பட்டன. ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் ஆகியோர் படைத்த ‘ஸ்கூபி டூ’ 1969 செப்டம்பர் 13-இல் ஒளிபரப்பாயிற்று. பேயைக் கண்டு நடுங்கும் அந்நாயை வரைந்து வடிவமைத்தவர் இவாவ் தகமோட்டோ. இவர் இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வழியினர் என்ற காரணத்தால் மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டு, அங்கேயே ஓவியம் பயின்றவர். அத்தொடரில் இறுதியில் பேயின் முகமூடி கழலும். உள்ளே பேராசை கொண்ட மனிதன் ஒருவன் நிற்பான். 1974-இல் வந்த ‘ஹாங்காங் ஃபூயி’யில் நாய் தன்னைப் பெருவீரனாக எண்ணிக்கொள்ளும், குற்றவாளியைப் பிடிக்க வழி செய்வது அருகிலுள்ள பூனை. புகழோ நாய்க்கே உரியதாகும்.

மதிப்பீடு

இக்கலையைக் கடிந்தோரும் உளர். படத்தோடு கூடிய வானொலியே இது என்றார் சக் ஜோன்ஸ். படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டாலும் கதை விளங்கும். அப்படியானால் ஓவியத்திற்கு என்ன வேலை என்பதே அவர் வாதம். அது முற்றிலும் பொய்யன்று. டாம் என்னும் பூனை விழும்போது அதன் ஒவ்வொரு மயிரும் நடித்தது. ஸ்னூப்பர் விழும்போது ஓசை மட்டுமே கேட்கின்றது. இழப்பை இழப்பென்றே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும், இழந்தபின் அக்கலைஞர்கள் கைகட்டி நிற்கவில்லை. ஓவியம் குறைந்த இடத்தைச் சொல்லால் நிரப்பினர். சொல்லுக்குக் குரலால் உயிர் ஊட்டினர். குறைந்த செலவில் செய்ததைக் குறைந்த அக்கறையோடு செய்யவில்லை என்பதனாலேயே அந்தப் பூனையும் எலியும் நினைவில் நிற்கின்றன. அதே முறையைப் பின்பற்றிய வேறு படங்கள் பல மறைந்தொழிந்தன. அவற்றிலும் சிக்கனம் இருந்தது, சொல் இல்லை.

ஆசிரியப் பணியில் உள்ள நமக்கு இது வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் தவிர வேறொன்றும் இல்லாத வகுப்பறைகளில் நம்முள் பலர் பாடம் நடத்தியிருக்கின்றோம். அந்நாளில் நம்மிடம் எஞ்சியிருந்தவை குரலும் சொல்லுமே. அவற்றைச் செம்மையாகக் கையாண்டவரின் பாடங்களை மாணவர் இன்றும் மறக்கவில்லை. கருவி பெருகும் காலத்திலும் அச்சொல்லைக் கைவிடாதிருப்பது நம் கடமையாகும்.