ஸ்ட்ராண்டும் டென்னும்

இடைக்கால இங்கிலாந்தின் துறைமுக உரிமைகளில் சேர்ந்தே பேசப்பட்ட இரட்டைச் சொல் இது. ‘ஸ்ட்ராண்ட்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் கரை. தேம்ஸ் நதிக்கரையை ஒட்டி ஓடியதால்தான் லண்டனின் ஸ்ட்ராண்ட் தெருவுக்கு அப்பெயர். ‘டென்’ என்பது கடலோர மணல்வெளி. உரிமையாகச் சொல்லும்போது, முன்னது படகைக் கரைசேர்த்து மீன் இறக்குவது. பின்னது மணலில் வலை உலர்த்துவது.

ஹேஸ்டிங்ஸ், ரோம்னி, ஹைத், டோவர், சாண்ட்விச் ஆகிய ஐந்து துறைமுகங்கள் கூட்டாக அரசருக்குக் கப்பல் கொடுத்தன. அதற்கு ஈடாக, கிரேட் யார்மத் என்ற கடலோர ஊரில் ஸ்ட்ராண்ட், டென் உரிமைகள் அவற்றுக்கு இருந்தன. அங்கே இலையுதிர்காலத்தில் ஹெர்ரிங் மீன் சந்தை கூடும். அந்நாட்களில் ஐந்து துறைமுகத்தாரின் அதிகாரிகளும் வந்து அமர்ந்து வழக்குத் தீர்த்தார்கள். தம் ஊர் மணலில் அயலூரார் ஆணை செலுத்தினால் யார்மத்தார் எப்படிப் பொறுப்பார்கள்? நியாயம் பெரிதும் அவர்கள் பக்கமே இருந்தது என்பேன். பகை முற்றி, 1297இல் முதலாம் எட்வர்டு ஃபிளாண்டர்சுக்குப் படையெடுத்துச் சென்றபோது அவருடைய கப்பற்படைக்குள்ளேயே இரு தரப்பும் மோதிக்கொண்டன. யார்மத்தார் கப்பல்கள் பல எரிந்தன.

யார்மத்தின் வடக்கு, தெற்கு மணல்வெளிகளுக்கு இன்றும் ‘டீன்ஸ்’ என்றுதான் பெயர்.