எட்டு வயது வாத்தியார்!

கல்லூரி ஆங்கில வகுப்புகளில் இப்போதெல்லாம் மாணவர்களை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, ‘ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுங்க’ என்கிறார்கள். முகையூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ் ஏறி வந்து படிக்கும் மாணவனுக்கு, பேராசிரியர் முன்னால் இங்கிலீஷில் வாய் திறக்கத்தான் பயம். பக்கத்து நண்பனிடம் தப்பும் தவறுமாகவாவது பேசிவிடுவான்!

இது வெளிநாட்டுப் புது டெக்னிக் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால், உங்களை 1789-ம் ஆண்டு சென்னை எழும்பூருக்கு அழைத்துப்போக வேண்டும்.

அங்கே, வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக ஓர் அநாதை விடுதிப் பள்ளி. அதன் பொறுப்பாளர், ஸ்காட்லாந்திலிருந்து வந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல். ஒருநாள் வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். குழந்தைகள் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் படிக்கிறார்கள். சிலேட்டு செலவுகூட இல்லை! தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்களோ ‘சரிப்படாது’ என்று கையை விரித்தார்கள். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, ‘நீ சொல்லிக்கொடு’ என்றார். பையன் ஜெயித்தான்!

மாணவனையே வாத்தியாராக்கியது தன் சொந்த யோசனை என்றே பெல் சொல்லிவந்தார். ஆனால், நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை யாராம்? பெரிய பையன்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதனால் அவர்கள் படித்ததும் உறுதிப்படுகிறது, இங்கிலாந்து இதைக் காப்பியடித்தது நியாயம்தான் என்று 1823-ல் அறிக்கை எழுதியவர் வேறு யாருமல்ல... பெல்லாரி கலெக்டர் கேம்பெல்!

1797-ல் லண்டனில் பெல்லின் புத்தகம் வெளியானது. அடுத்த வருடமே ஜோசப் லங்காஸ்டர் என்பவர் அங்கே இதேபோல ஒரு பள்ளி தொடங்கினார். ‘மதராஸ் முறை’ உலகம் சுற்றியது. பெல்லின் பணத்தில் ஸ்காட்லாந்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் பெயர், ‘மதராஸ் காலேஜ்’!

வினை அதற்குப் பிறகுதான். ஒரே ஹால், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒற்றை வாத்தியார். சம்பளம் மிச்சம் என்று முதலாளிகளுக்கும் தர்மகர்த்தாக்களுக்கும் குஷி. பிள்ளைகளோ கிளிப்பிள்ளைகள் ஆனார்கள். 1846-ல் இங்கிலாந்து அரசு, உதவித்தொகையும் பயிற்சியும் பெறும் மாணவ ஆசிரியர்களைக் கொண்டுவந்தது. மதராஸ் முறை மெள்ள மங்கியது.

திண்ணையில் வாத்தியார் இருந்தார். அவருக்குத் துணையாகத்தான் சட்டாம்பிள்ளை. நம் ஆங்கில வகுப்பிலும் நண்பன் தாராளமாகச் சொல்லிக்கொடுக்கட்டும். காலியாகக் கிடக்கும் பேராசிரியர் நாற்காலிக்கு மட்டும் அவனைக் கணக்குக் காட்டிவிடக் கூடாது!