தச்சர் மைந்தர் இருவர்

பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் மாணவரும் அவர்தம் பெற்றோரும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "பொறியியலா, மருத்துவமா?" இவ்விரண்டும் வெவ்வேறு திசைகளிற் செல்லும் சாலைகள் என்றும், ஒன்றில் கால் வைத்தவர் மற்றதை மறந்துவிட வேண்டும் என்றும் நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஆனால் அவ்விரு சாலைகளிலும் நடந்து, அவை கூடும் இடத்தில் ஒரு புதிய துறையையே வளர்த்த கறுப்பின அறிஞர் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்து வருகின்றார். அவருக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்து, அதே திறமை வாய்த்திருந்தும் இரு சாலைகளின் வாயிலும் அடைக்கப்பட்ட நிலையில் வாழ்ந்து மறைந்த கறுப்பினத்தவர் ஒருவரும் அந்நாட்டில் இருந்தார். இருவருமே தச்சரின் மைந்தர்கள். இவ்விருவர் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குதல், வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தார்க்குப் பயன் தரும் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முன்னவர் விவியன் தாமஸ். 1910ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்திற் பிறந்து, டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் வளர்ந்தவர். தந்தையாரிடம் தச்சுத் தொழில் பயின்று, அத்தொழிலிற் சேர்த்த பணத்தைக் கொண்டு கல்லூரியிற் சேர்ந்து, மருத்துவராக வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருவீழ்ச்சி அவ்விருப்பத்தைச் சிதைத்தது. வேலை போயிற்று, அடுத்த ஆண்டில் அவர் பணம் போட்டிருந்த வங்கியும் முறிந்தது. அவ்வாண்டிலேயே, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரட் பிளேலாக் என்னும் அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் அவர் உதவியாளராகச் சேர்ந்தார். அவர் செய்தது ஆய்வுப் பணி, பதிவேட்டில் அவருக்கு எழுதப்பட்ட பதவியோ துப்புரவுப் பணியாளர் என்பது, ஊதியமும் அதற்குரியதே. இவ்வரியைப் படிக்கையில் நம் நெஞ்சு உறுத்துமாயின், அதன் காரணத்தை நாம் பிறரிடம் கேட்டறிய வேண்டுவதில்லை.

1941இல் பிளேலாக் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றபோது தாமஸையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே வெள்ளை மேலங்கி அணிந்து நடந்த கறுப்பினத்தவரைக் கண்டு பலரும் வியந்து நின்றனர். அக்காலத்தில் இதயக் குறையோடு பிறந்து, நுரையீரலுக்குப் போதிய குருதி செல்லாமையால் உடல் நீலம் பாரித்து இறக்கும் குழந்தைகள் பலர். அக்குழந்தைகளின் மருத்துவரான ஹெலன் டாசிக் அம்மையார் இச்சிக்கலைப் பிளேலாக்கிடம் கொண்டுவந்தார். கைக்குச் செல்லும் தமனி ஒன்றைத் திருப்பி நுரையீரல் தமனியோடு இணைத்துத் தைப்பதே தீர்வு என முடிவாயிற்று. நாய்களின்மீது அவ்வறுவையை மீண்டும் மீண்டும் செய்து முறையை வகுத்தவர் தாமஸ். அதற்கேற்ற கருவிகளை அமைத்துத் தந்தவரும் அவரே. 1944 நவம்பர் 29ஆம் நாள், பதினைந்து மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு முதல் அறுவை நடைபெற்றபோது, பிளேலாக்கின் பின்னால் ஒரு முக்காலியின்மீது நின்று, தையலின் போக்கை அவருக்கு எடுத்துக் கூறிக்கொண்டிருந்தார் தாமஸ்.

1945இல் இவ்வறுவை பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதில் பிளேலாக், டாசிக் இருவரின் பெயர்களே இருந்தன. அறுவைக்கும் அவ்விருவர் பெயரே வழங்கலாயிற்று. தாமஸ் தொடர்ந்து பல்லாண்டுகள் அங்கேயே பணியாற்றிப் பின்னாளில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பலர்க்குக் கைத்திறன் கற்பித்தார். 1976இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிற்று. அதுவும் மருத்துவத்தில் அன்று, சட்டத்தில்! 1985இல் அவர் மறைந்தார். பொறியியலும் அறுவை மருத்துவமும் அவர் கைகளில் ஒன்றாகவே இருந்தன. இரண்டிற்கும் உரிய பட்டம் மட்டுமே அவரிடம் இல்லை.

தாமஸ் உழைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அந்நாட்டில் காலம் மாறத் தொடங்கிற்று. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என 1954இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1964இல் குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறிற்று. இவை தாமே கனிந்து விழுந்த கனிகள் அல்ல. தெருவில் நடந்தவர்களும், சிறை புகுந்தவர்களும், உயிர் நீத்தவர்களும் பறித்துத் தந்தவை. அக்கனிகளை உண்டு வளர்ந்த தலைமுறையைச் சார்ந்தவரே நாம் கூற வந்த இரண்டாமவர்.

கேட்டோ லாரன்சின் 1959ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரிற் பிறந்தார். தந்தையார் தச்சர், அன்னையார் மருத்துவர். அன்னையாரின் மருத்துவக்கூடம் நகரின் வடபகுதியில் அவர்கள் வாழ்ந்த வீட்டிலேயே இருந்தது. நோயாளர் வந்து செல்வதை நாள்தோறும் கண்டு வளர்ந்த அச்சிறுவனுக்கு, மருத்துவராதல் எட்டாத வானமாகத் தோன்றவில்லை. ஒரு தலைமுறை கற்றுவிட்டால் அடுத்த தலைமுறை எவ்வளவு உயரத்திலிருந்து நடக்கத் தொடங்குகிறது என்பதை இங்கே நாம் கருத வேண்டும். தாமஸுக்கு முறிந்த வங்கி ஒன்றே துணையாயிருந்தது. லாரன்சினுக்கோ கற்ற தாய் துணையாயிருந்தார்.

அவர் 1980இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியற் பட்டம் பெற்றார். அத்துடன் நின்றிருந்தால் நல்ல வேலையும் நிறைந்த ஊதியமும் கிடைத்திருக்கும். அவர் நிற்கவில்லை. சார்லஸ் ஆற்றின் ஒரு கரையில் பாஸ்டன் நகரில் உள்ள ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் மருத்துவமும், மறு கரையில் கேம்பிரிட்ஜில் உள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உயிர்வேதிப் பொறியியலும் பயின்று, 1987ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம், முனைவர் பட்டம் இரண்டையும் பெற்றார். முனைவர் பட்டத்திற்கு அவரை நெறிப்படுத்தியவர் ராபர்ட் லாங்கர். அதன் பின்னரே எலும்பு மூட்டு அறுவையில் பயிற்சி. பகலும் இரவும் மருத்துவமனையில் உழைத்த அப்பயிற்சிக் காலத்திலும் ஆய்வுக்கூடத்தை அவர் விட்டுவிடவில்லை. பள்ளியை விட்டு வெளிவந்தபின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் கற்றுக்கொண்டே இருந்தார்.

இவ்வளவு நீண்ட கல்வி எதன்பொருட்டு? விபத்தில் எலும்பு பெருமளவு சிதைந்துவிட்டால் அஃது தானே கூடாது. நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்து வைத்தல் வேண்டும். அதனால் புதியதொரு புண் உண்டாகும். இறந்தோர் ஈந்த எலும்பை வைப்பதும் உண்டு. முழங்காலின் உள்ளே எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார் அறுந்தாலும் இதே நிலைதான். விளையாட்டு வீரர் பலரின் வாழ்வு இதனால் முடங்கியதுண்டு. உடலின் ஓரிடத்தை அறுத்து மற்றோரிடத்தை ஒட்டுவதற்கு மாறாக, இழந்த உறுப்பை உடலே மீண்டும் வளர்த்துக்கொள்ளுமாறு செய்ய இயலாதா என்னும் வினாவிலிருந்து பிறந்ததே திசுப் பொறியியல். 1980களின் இறுதியில் இப்பெயர் அறிஞரிடையே நிலைபெறலாயிற்று. 1993இல் லாங்கரும் ஜோசப் வக்கான்ட்டியும் எழுதிய கட்டுரை அதனை உலகறியச் செய்தது.

இத்துறையின் உட்பொருளை நம் மக்கள் எளிதில் உணரலாம். கட்டடம் எழுப்புவோர் முதலில் மூங்கிலால் சாரம் கட்டுகின்றனர். சாரத்தின்மீது நின்று சுவர் எழுப்புகின்றனர். சுவர் எழுந்தபின் சாரத்தை அவிழ்த்துவிடுகின்றனர். உடலினுள்ளும் அவ்வாறே ஒரு சாரத்தை அமைத்தால், உயிரணுக்கள் அதனைப் பற்றி வளரும். ஆனால் உள்ளே கட்டிய சாரத்தை அவிழ்க்க யாரும் செல்ல இயலாது. அது தானே கரைதல் வேண்டும். பால் புளிக்கையில் உண்டாகும் லாக்டிக் அமிலத்தின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துச் செய்யும் ஒருவகைப் பொருள், உடலில் உள்ள நீரால் மெல்ல மெல்ல உடைந்து மறைகிறது. விரைவில் கரைந்தால் புதிய திசு தாங்காது. கரையாது நின்றால் வளர்ச்சிக்கு இடம் இராது. இக்காலக் கணக்கு வேதிப் பொறியியலாரின் வேலை. எவ்வளவு பளுவைத் தாங்க வேண்டும் என்பதைக் கூறுவது மூட்டைத் திறந்து கண்ட அறுவை மருத்துவரின் வேலை. இரண்டையும் ஒருவரே அறிந்திருந்தமையே லாரன்சினின் வலிமை.

எலும்புக்காக, மிக நுண்ணிய உருண்டைகளைக் குவித்துச் சூடேற்றி, அவை தொடும் இடங்களில் மட்டும் ஒட்டுமாறு செய்தார். உருண்டைகளின் இடைவெளிகளில் எலும்பு வளரும். முழங்கால் நாருக்காக, மெல்லிய இழைகளைக் கயிறு போலப் பின்னினார். எலும்பினுள் செல்லும் இரு முனைகளும் ஒருவகைப் பின்னல், நடுப்பகுதி வேறுவகைப் பின்னல். முயல்களில் செய்த சோதனையின் முடிவுகள் 2007இல் வெளியாயின. அந்நாருக்கு வழங்கும் பெயர் லாரன்சின்-கூப்பர் நார் என்பதாகும். கூப்பர் என்பவர் லாரன்சினின் ஆய்வு மாணவர். 1945இல் தாமஸின் பெயர் விடுபட்டதையும், இங்கே மாணவரின் பெயர் ஆசிரியரின் பெயரோடு இணைந்து நிற்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கதவு திறந்து உள்ளே சென்றவர், தமக்குப் பின் வருபவரை மறைக்கவில்லை.

2008 முதல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவரும் அவர், மனிதக் கை கால்களை 2030ஆம் ஆண்டுக்குள் மீள வளர்த்தல் என்னும் அரிய குறிக்கோளுடன் 2014இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். 2016இல் குடியரசுத் தலைவர் ஒபாமா தொழில்நுட்பத்திற்கான தேசியப் பதக்கத்தை அவருக்கு அணிவித்தார். 2021இல் ஸ்பிங்கார்ன் பதக்கம் பெற்றார். கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்காக 1909இல் தோன்றிய சங்கம் வழங்கும் இப்பதக்கத்தை 1920இல் பெற்றவர் அச்சங்கத்தை நிறுவியோருள் ஒருவரான டுபாய்ஸ். அந்த டுபாய்ஸுக்கு 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதி, தீண்டப்படாதார் நிலையும் கறுப்பினத்தவர் நிலையும் ஒத்திருத்தலைச் சுட்டிக்காட்டினார். ஆதலின் இவ்வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

எனினும், கதவு ஒருமுறை திறந்தால் எக்காலமும் திறந்தே இருக்கும் என எண்ணுதல் பேதைமை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த கறுப்பின ஆடவர் 1978இல் 1,410 பேர். 2014இல் 1,337 பேர். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் எண்ணிக்கை ஏறவில்லை, குறைந்தது! கல்லூரிச் சேர்க்கையில் இனத்தையும் கருத்திற் கொள்ளலாம் என 1978இல் கூறிய அந்நாட்டு உச்சநீதிமன்றமே, ஹார்வர்டு ஒரு தரப்பாயிருந்த வழக்கில் 2023இல் அவ்வழியை அடைத்தது. நம் நாட்டிலும் இது நேர்ந்ததுண்டு. சென்னையின் வகுப்புவாரி அரசாணையை 1951இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றபோது, வழக்கிற்குக் காரணமானவை மருத்துவக் கல்லூரி இடமும் பொறியியற் கல்லூரி இடமுமே. மக்கள் கிளர்ந்தனர், அவ்வாண்டிலேயே அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பிறர் அடைக்க விரும்பிய கதவுகள் எவை என்பதை இதனால் அறியலாம்.

தோலையும் நாரையும் எலும்பையும் தொட்டார்கள் என்பதற்காகவே நம் முன்னோரை ஊருக்கு வெளியே நிறுத்தினர். இன்று உலகின் உயர்ந்த ஆய்வுக்கூடங்கள் அதே தோலையும் நாரையும் எலும்பையும் வளர்த்திட முயல்கின்றன. குலத்தொழிலைப் போற்றுங்கள் என்று நாம் கூறவில்லை. அஃது நம்மீது சுமத்தப்பட்ட சுமை. கைத்தொழிலின் நுட்பம் இழிவானது என்ற பொய்யை மட்டும் நம்பாதீர்கள் என்றே கூறுகிறோம். தாமஸின் கை தச்சனின் கை. அக்கைதான் குழந்தைகளின் இதயத்தைக் காத்தது.

சங்கத்தின் மூத்தோர்க்கும் ஒன்று கூற விரும்புகிறோம். நம் பிள்ளைகள் பலர் முதற்பட்டத்தோடு நின்றுவிடுவது அறிவுக் குறையால் அன்று. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதால். பதினைந்து ஆண்டு கற்க விரும்பும் ஒரு பிள்ளையைத் தாங்க ஒரு குடும்பத்தால் இயலாது. ஒரு சமுதாயத்தால் இயலும். பள்ளிக்கும் கல்லூரிக்கும் உதவிவரும் நம் சங்கம், முதற்பட்டத்திற்குப் பின்னும் கற்போர்க்கென ஒரு நிதியை இவ்வெள்ளிவிழா ஆண்டில் தொடங்குமாயின், பொன்விழா மலரில் எழுதுவோர்க்குத் தாமஸைப் போன்றவர் வரலாறு அன்று, லாரன்சினைப் போன்றவர் வரலாறே நம் தெருக்களிலிருந்து கிடைக்கும். சாரம் கட்டுவது நம் கடமை. வளர்வது அவர்கள் உரிமை.