பண்டாரம்

தென்காசி, இலத்தூர்ப் பக்கம் பண்டாரம் என்றால் காவி கட்டிய ஆண்டிதான் நினைவுக்கு வருவார். ‘பாண்டாகாரம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்த இதன் முதற்பொருளோ கருவூலம். மடத்துச் செல்வத்தைக் காத்த துறவிக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது என்பதே பொருத்தமான விளக்கம். ஆதீனத் தலைவரை இன்றும் பண்டாரச் சந்நிதி என்கிறோம். ஏடுகள் சேர்த்த இடம் சரசுவதி பண்டாரம். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (1798–1832) சுவடிகளோடு நூல்களையும் ஓவியங்களையும் சேர்த்துச் செழிக்கவைத்தது அத்தகைய பண்டாரத்தையே.

தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிய தமிழ் ஏடுகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பண்டாரம் ஒன்றிலும் சேர்ந்தன. அங்கே 1741க்குள் கிரூண்ட்லர் என்ற ஓவியர், ஒவ்வொரு அலமாரியின் உச்சியிலும் உள்ளே இருப்பதையே படமாகத் தீட்டினார். படமே பெயர்ப்பலகை! அருமையான ஏற்பாடு.

‘கலெக்‌ஷன்’ என்று எழுதும் நண்பர்களே, பண்டாரம் என்று எழுதுங்கள்.