எம்டன் குண்டு வந்த வழி

10.5 சென்டிமீட்டர் விட்டம் கொண்ட பீரங்கிக் குண்டு. ஜெர்மனியிலிருந்து சீனக் கடற்கரையின் சிங்தாவ் துறைமுகத்துக்குப் போய், எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் வயிற்றில் கிடந்தது. 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. பசிபிக்கில் பாகன் தீவருகே அட்மிரல் ஸ்பீயின் படையோடு சேர்ந்த எம்டன், அங்கிருந்து தனியே பிரிந்தது. தனியாகப் போக விரும்பியவர் அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர்தான். மூன்று புகைபோக்கிக் கப்பலுக்கு நாலாவதாக ஒரு போலியை நட்டு, பிரிட்டிஷ் கப்பல் வேஷத்தில் வங்கக் கடலுக்குள் நுழைந்தார்.

செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி இருக்கும். சென்னையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் மேலிருந்த கலங்கரை விளக்கமும் வழக்கம்போலச் சுழன்றது. எதிரிக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்குமா? எம்டனின் தேடுவிளக்கு பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளில் விழுந்தது. சில நிமிடங்களில் சுமார் 130 குண்டுகள். இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். ராயபுரம் பக்கத்துக் கிளைவ் பேட்டரி திருப்பிச் சுட்டது, ஒன்றும் படவில்லை. எம்டன் குண்டுகளில் ஒன்று நீதிமன்றச் சுற்றுச்சுவரில் மோதியது. அந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இன்னொன்றின் துண்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எண்ணெயை எரிக்க மட்டும்தானா வந்தார் முல்லர்? இந்தியர்களை உசுப்பவும், வெள்ளைக்காரன் மானத்தை வாங்கவும் நடத்திய வேடிக்கை இது என்பதே அவர் மேலிடத்துக்குச் சொன்ன விளக்கம். அது பலித்தது என்றே நினைக்கிறேன்: மறுநாளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மூட்டைமுடிச்சோடு ஊரைக் காலிசெய்தார்கள். ஆனால் சென்னைக்கு இந்த விளக்கம் போதவில்லை. கப்பலில் இந்தியப் புரட்சியாளர் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர்தான் குறி காட்டினார் என்று ஒரு கதை பிறந்தது.

ஜூல் வெர்னின் கேப்டன் நெமோவுக்கும் இதே கதிதான். 1870 நாவலில் அவர் ஏன் கப்பல்களை மூழ்கடிக்கிறார் என்பது புரியாது. ரஷ்யர்களிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த போலந்துக்காரராக அவரைப் படைக்கவே வெர்ன் நினைத்தார். ரஷ்ய வாசகர்களை இழக்க விரும்பாத பதிப்பாளர் தடுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு நாவலில், நெமோ புந்தேல்கண்ட் இளவரசர் தக்கார், பிரிட்டிஷாரிடம் எல்லாம் இழந்தவர் என்று புதிரை அவிழ்த்தார். நெமோவுக்கு வெர்ன் ஓர் இந்தியனைக் கண்டுபிடித்தார். முல்லருக்கு நாமே ஒருவரைக் கண்டுபிடித்தோம்.

அந்தக் கதையைத் தெளிவாக்க முல்லர் உதவவும் இல்லை. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் எம்டனை இழந்து, சிறைப்பட்டு, 1923-இல் இறக்கும்வரை நினைவுக் குறிப்பு எழுத மறுத்தார். செண்பகராமனோ அந்தச் செப்டம்பரில் சூரிக்கில் இந்திய ஆதரவுக் குழு அமைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தேதியைச் சொன்னால், எழும்பூரில் அந்தத் துண்டைப் பார்க்க வருகிற பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். பிறகு பேரப்பிள்ளைகளிடம் செண்பகராமன் கதையைத்தான் சொல்வார்கள்.