சீமோர் சுடவில்லை, ஆனாலும்...

1986-இல் வந்த 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்துக்கு இரண்டு முடிவுகள் உண்டு. நான் முதலில் பார்த்தது நல்லபடியாக முடிவதை. சிரித்துவிட்டு மறந்தும் போனேன். 2012-இல் மீட்டெடுத்து வெளியிட்ட பழைய முடிவைப் பார்த்த பிறகுதான் மூல நாடகத்தைத் தேடிப் போனேன்.

கதை இதுதான். ஏழைப் பேட்டை ஒன்றில் நொடித்துப்போன பூக்கடை. அங்கே வேலை பார்க்கும் அநாதைப் பையன் சீமோர் ஒரு விநோதச் செடி வளர்க்கிறான். அது மனித ரத்தம்தான் குடிக்கும். செடி வளர வளரக் கடைக்குக் கூட்டம், சீமோருக்குப் புகழ், கூட வேலை பார்க்கும் ஆட்ரியின் காதல், எல்லாம் வருகிறது. விரலைக் கீறிக் கொடுத்தது போதாமல் போனதும், செடி வாய் திறந்து ஆள் கேட்கிறது.

ரோஜர் கோர்மன் 1960-இல் எடுத்த மலிவு பட்ஜெட் படம்தான் இதற்கெல்லாம் ஆரம்பம். அதில் முதல் சாவு வெறும் விபத்து. 1982-இல் ஹோவர்ட் ஆஷ்மனும் இசையமைப்பாளர் ஆலன் மென்கனும் அதை இசை நாடகமாக்கியபோது, விபத்து இருந்த இடத்தில் ஒரு தேர்வை வைத்தார்கள். ஆட்ரியை அடிக்கும் பல் டாக்டரைச் சுடத் துப்பாக்கியோடு போகிறான் சீமோர். சுடவில்லை. சிரிப்பு வாயுவுக்காக டாக்டர் மாட்டிய முகமூடி கழற்ற வராமல் சிக்கிக்கொள்ள, மனுஷன் சிரித்துச் சிரித்தே மூச்சு முட்டிச் சாகிறார். சீமோர் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இது கொலையா? நாமும் சேர்ந்து சிரிக்கிறோமே!

அடுத்தவர் கடை முதலாளி மஷ்னிக். நாடகத்தில் அவர் சீமோரைத் தத்தெடுத்தவர். பணம் செடிக்குள் இருக்கிறது என்று பொய் சொல்லி அவரை உள்ளே அனுப்புகிறான் சீமோர். முதலில் சும்மா நின்றவன்தான் இவன். இருபது வருஷமாகக் கோட் எழுதுகிறவனுக்கு இந்த வழுக்கல் நன்றாகத் தெரியும்: 'இப்போதைக்கு இருக்கட்டும்' என்று விட்ட பிழை, அடுத்த பிழையைச் செய்ய வைத்துவிடும்.

நாடகம் கணக்கை முழுசாகத் தீர்க்கிறது. ஆட்ரி சாகிறாள். சீமோரும் செடிக்குள் போகிறான். அதன் துண்டுகள் நாடெங்கும் விற்பனைக்குப் போகின்றன. நியூயார்க் ஆர்ஃபியம் அரங்கில் கடைசியாகக் கூரையிலிருந்து கொடிகள் பார்வையாளர்கள்மேல் இறங்கும். ஜனங்கள் அதை ரசித்தார்கள். 2,209 காட்சிகள் ஓடியது.

படத்தையும் இயக்குநர் ஃபிராங்க் ஆஸ் அப்படித்தான் எடுத்தார். வெளியிடும் முன் சோதனைக்காகத் திரையிட்டபோது, அதுவரை கைதட்டியவர்கள் ஜோடி செத்ததும் உறைந்துபோனார்கள். மேடையில் செத்தவர்கள் கடைசியில் வந்து வணக்கம் சொல்வார்கள், சினிமாவில் வரமாட்டார்கள் என்று ஆஸ் விளக்கினார். ஆஷ்மனே சேர்ந்து புது முடிவு எழுதினார்: செடி அழிகிறது, ஜோடி புது வீட்டில் குடியேறுகிறது.

விளக்கம் சரிதான். ஆனால் டாக்டரும் மஷ்னிக்கும் புது முடிவிலும் செத்தவர்கள்தான். படத்தில் தத்தெடுப்பும் கிடையாது, மஷ்னிக் மிரட்டுகிறவராக வருகிறார். மறக்க இன்னும் வசதி. எனக்குப் பிடித்த பையன் தப்பித்தால் போதும் என்று சந்தோஷமாக எழுந்து போனேனே, அன்றைக்கு அந்த இரண்டு பேரும் என் ஞாபகத்திலேயே இல்லை.