உத்திரமேரூர்: கணக்குக் கேட்ட ஊர்

தலைநகர் வாழ் தமிழர் தம் வடநாட்டு நண்பர்களிடம் பெருமையோடு எடுத்துரைக்கும் ஊர்ப்பெயர்களுள் அண்மைக் காலத்தில் உத்திரமேரூரும் சேர்ந்துவிட்டது. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் அவ்வூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டார். அதன் பின் "உலகின் முதல் மக்களாட்சி எங்கள் ஊரில்தான்" என்னும் பேச்சு நம் இல்லத்து விருந்துகளிலும் ஒலிக்கக் கேட்கிறோம். பெருமை கொள்வதில் பிழையில்லை; எதன் பொருட்டுப் பெருமை கொள்கிறோம் என்பதைக் கல்வெட்டைக் கொண்டே முடிவு செய்வது நலம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர் உத்திரமேரூர். எட்டாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் மறையவர்க்குரிய சதுர்வேதிமங்கலமாக எழுந்தது. அவனுக்குப் பின் வந்த தந்திவர்மனுக்கு வைரமேகன் என்றும் ஒரு பெயர் உண்டு. ஊரின் ஏரி அப்பெயரால் வைரமேகத் தடாகம் என வழங்கிற்று. நின்றும் இருந்தும் கிடந்தும் திருமால் காட்சி தரும் மூன்று நிலைகளையுடைய சுந்தரவரதப் பெருமாள் கோயில் இவ்வூரின் சிறப்பு. எனினும் நாம் தேடி வந்த கல்வெட்டு இருப்பது அதில் அன்று. சற்றே எளிய தோற்றமுடைய வைகுண்டப் பெருமாள் கோயிலில். ஊர்ச் சபை கூடிய மண்டபமே அது என்பர். வெளியூரிலிருந்து வருவோர் பலர் பெரிய கோயிலைக் கண்டுவிட்டு இதனைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர்.

முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும், சபையார் செய்துகொண்ட இரு தீர்மானங்கள் அங்கே கல்லில் உள்ளன. இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டாவது தீர்மானம் ஏன் வேண்டியிருந்தது? முதல் ஏற்பாடு எண்ணிய பயனைத் தரவில்லை என்பதே விடையாதல் வேண்டும். 919-இல் வாரிய உறுப்பினர்க்கு 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 921-இல் 35 முதல் 70 வரை என்று மாற்றப்பட்டது. தகுதியின்மைகளின் பட்டியலும் நீண்டது. தாம் வகுத்த விதி தவறியதை உணர்ந்து, அதனைத் திருத்தி, திருத்தத்தையும் முந்தியதன் அருகிலேயே வெட்டி வைத்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

தேர்தல் முறை பலர் அறிந்ததே. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்கள் ஓலை நறுக்குகளில் எழுதப்பட்டன. பிள்ளைகளும் முதியோரும் உட்பட மகாசபை கூடியது. நம்பிமாருள் மூத்தவர் வெறுங்குடத்தை யாவரும் காண உயர்த்திக் காட்டினார். ஓலைகளை இட்டுக் குலுக்கிய பின், உள்ளிருப்பது இன்னதென அறியாத ஒரு சிறுவன் ஒன்றை எடுத்தான். அதனை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று உரக்கப் படித்தான். நம்பிமாரும் தனித்தனியே படித்தனர். கை மூடினால் ஓலை மாறலாம் அல்லவா! இது வாக்கு எண்ணிக்கையன்று, திருவுளச்சீட்டு. 'முதல் மக்களாட்சி' என்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இவ்வாறு வந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம் என்னும் ஆண்டுக் குழுவாயினர். பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் சென்றனர். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனியே அமைந்தன. பணிக்காலம் 360 நாள். அதன் பின் மூன்று ஆண்டுகள் அவர் பெயரைக் குடத்தில் இடலாகாது.

ஏரி வாரியத்தைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். மழை பொய்க்கும் தொண்டை மண்டலத்தில் ஏரியே ஊரின் உயிர். ஆண்டுதோறும் தூர் எடுக்காவிட்டால் கொள்ளளவு குறையும். மதகு பழுதானால் கடைமடை காயும். ஆகவே ஏரிக்கென்று அறக்கட்டளைகள் வைக்கப்பட்டன. ஊரார்க்குப் பொன்னின் மாற்று உரைத்துக் காட்டவும் ஒரு குழு இருந்தது. உரைகல்லில் படிந்த பொன்துகளை மெழுகில் ஒற்றி எடுப்பது வழக்கம். அம்மெழுகை ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சபையின் கட்டளை. தட்டானின் மெழுகில் ஒட்டிய துகளும் ஊர்ப்பொருளே என்று கருதி ஏரிக்கு அனுப்பிய அந்த எண்ணத்தை வியவாதிருக்க முடியவில்லை. நஞ்சு தீர்க்கும் மருத்துவனுக்கு நிலம் விட்ட செய்தியும் இவ்வூர்க் கல்வெட்டுகளில் உண்டு. அண்டையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்தில், 15 படுக்கைகளுடன் ஆதுலர் சாலை ஒன்று நடந்ததைப் பிறிதொரு கல்வெட்டு கூறும். மருத்துவர், அறுவை செய்வார், பணிப்பெண்டிர், மருந்துகளின் பெயர்கள் யாவும் அதில் உள.

இத்தனை பொதுப்பணிகளையும் தாங்கி நின்றது எது? குடமோ ஓலையோ அன்று, கணக்கு என்பதே என் துணிபு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்துள் புகலாகாது. அவன் மட்டுமோ? அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மகன் என்று உறவு முறை முழுவதையும் கல்வெட்டு வரிசைப்படுத்தி விலக்குகிறது. ஒருவன் கணக்கை மறைத்தால் கல்யாண வீட்டில் உறவினர் அனைவரும் அவனைக் கேள்வி கேட்பர்! கணக்கு எழுதுவோன் தன் கணக்கைப் பெருமக்களிடம் காட்டி, 'சுத்தன்' எனப் பெற்ற பின்னரே மற்றொருவன் அவ்வேலையில் புகலாம். நம் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு படிக்கப்படும்போது சிற்றுண்டிக்கு எழுந்து செல்வோர் இதனை நினைவிற் கொள்க. அவர்களுள் நானும் ஒருவனாக இருந்ததுண்டு.

இனி மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையார்க்கே ஓலை. கல்வியில் சிறந்தாரேல் அரைக்கால் வேலி போதும், அவ்வளவே தளர்வு. அந்நிலத்தை உழுதவர், ஏரியில் தூர் சுமந்தவர் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. தில்லியில் பிறந்து வளர்ந்த என் பேத்தியை அங்கு அழைத்துச் சென்று இக்கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டபின், "தாத்தா, பாட்டியின் பெயரை ஏன் எழுதவில்லை?" என்றாள். கல்வெட்டில் அதற்கு விடையில்லை.

இந்த இரு பக்கங்களும் நம் தில்லியிலேயே ஒரு முறை எதிரெதிரே நின்றன. 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், இந்தியக் கிராமம் குறுகிய பற்றும் அறியாமையும் வகுப்புணர்வும் நிறைந்தது என்று கடுமையாகப் பேசினார். அதே மாதம் 22-ஆம் நாள், கிராமப் பஞ்சாயத்துகளை அமைப்பது அரசின் கடமை என்னும் திருத்தத்தை நம்மவரான கே. சந்தானம் கொண்டுவந்தார். ஆதரித்துப் பேசிய டி. பிரகாசம், காஞ்சிக்கு அருகே கல்லில் உள்ள இந்தக் குடவோலை முறையை அவைக்கு எடுத்துரைத்தார். அம்பேத்கர் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். அது இன்று அரசியல் சட்டத்தின் 40-ஆம் பிரிவு. கிராமத்தில் யார் கை ஓங்கும் என்று அவர் கொண்ட ஐயத்திற்கு ஒரு பகுதி விடையேனும் கிடைக்க 73-ஆம் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1993 ஏப்ரல் 24 முதல் பஞ்சாயத்துகளில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்களும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களும் உறுதியாயின. தமிழகம் 2016-இல் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்திச் சட்டம் செய்தது. பேத்திக்கு இதனைச் சொன்னேன், ஓரளவு சமாதானமானாள்.

தமிழகச் சிற்றூர்களில் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்படுகிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பங்கள் அந்நாளில் அங்கிருக்க நேர்ந்தால், பிள்ளைகளையும் உடனழைத்துச் சென்று, கணக்குப் படித்து முடியும் வரை அமர்ந்திருக்கலாம்.